ஸ்டாண்டர்ட் வேல்யூ இல்லாத விண்மீன்: இயற்பியல் முதுகலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டுக்கு வந்து, புராஜெக்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு கருந்துளையிலிருந்து வந்த ரேடியோ அலைகளை எப்படி அளந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். இப்படிப்பட்ட அளவீடுகள் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் எவரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்துவிடப்படுகின்றன. நீங்கள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அதற்கு முன்னால் நம் பிராக்டிகல் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஒரு சோதனை சரியாக வந்ததா என்பதை நாம் எப்படித் தீர்மானிக்கிறோம்? யங் குணகமோ, பாகுநிலை எண்ணோ, சோடியம் ஒளியின் அலைநீளமோ, எதை அளந்தாலும் அதற்கு ஒரு ஸ்டாண்டர்ட் வேல்யூ புத்தகத்தில் இருக்கிறது. நம் விடை அதை ஒட்டி வந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழும். தள்ளி வந்தால் ரீடிங்கைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். நேரம் போதாதபோது விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை நிரப்புவதும் நடக்கிறது. உங்களுக்கும் இது தெரியும், உங்கள் ஆசிரியர்களுக்கும் தெரியும். இதில் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு வகுப்பே வரிசையில் நிற்கிறது. தேர்வுக்கு வரும் வெளித்தேர்வருக்கு விடை வேண்டும். நீங்கள் வேறென்ன செய்வீர்கள்? ஆனால் இந்தப் பழக்கம் ஆழமாக ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. கோட்டை விட்டு ஒரு புள்ளி விலகினால், என்ன ஏது என்று விசாரிக்காமலே அந்தப் புள்ளியை அழித்துவிடப் பழகிவிடுகிறோம்.

அன்னப்பறவையின் பெயரைத் தாங்கிய சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் வி404 சிக்னி என்று ஒன்று இருக்கிறது; நான் சொல்ல வந்த கருந்துளை அதில்தான் உள்ளது. அதற்கு ஸ்டாண்டர்ட் வேல்யூ கிடையாது. சாதாரண நாளில் அதன் ரேடியோ ஒளிர்வு ஏறக்குறைய 0.3 மில்லிஜான்ஸ்கி. ஒரு ஜான்ஸ்கி என்பது சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு, 10இன் அடுக்கு மைனஸ் 26 வாட் என்றால், இது எவ்வளவு மெலிந்த சமிக்ஞை என்று பாருங்கள். அதே பொருள் சீறி எழும்போது ஜான்ஸ்கி கணக்கில் ஒளிர்கிறது. ஆயிரம் மடங்கைத் தாண்டும் ஏற்றம் அது. இந்த இரண்டில் எது 'சரியான' விடை?

அங்கே இருப்பது ஓர் இரட்டை. சூரியனைப்போல் ஏறக்குறைய 9 மடங்கு நிறை கொண்ட கருந்துளையும், சூரியனைவிடக் குளிர்ந்த, நிறை குறைந்த ஒரு விண்மீனும் 6.47 நாட்களுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. விண்மீனிலிருந்து வாயு வழிந்து கருந்துளையைச் சுற்றித் தட்டாகச் சேர்கிறது. உடனே உள்ளே விழுந்துவிடுவதில்லை. பல ஆண்டுகள் அப்படியே சேர்ந்துகொண்டிருக்கும். தட்டின் வெப்பம் ஹைட்ரஜன் அயனியாகும் அளவைத் தொட்டதும் நிலைமை மாறுகிறது. உராய்வு கூடி, வாயு மளமளவென்று உள்ளே சரிகிறது. அப்போது வருவது எக்ஸ்ரே. சரிவதில் ஒரு பகுதி இரண்டு எதிரெதிர்த் திசைகளில் தாரைகளாக வெளியே வீசப்படுகிறது. அந்தத் தாரைகளில் காந்தப்புலத்தைச் சுற்றித் திருகி ஓடும் எலக்ட்ரான்கள் தருவதுதான் ரேடியோ. ஆக, உள்ளே போவதன் கணக்கு எக்ஸ்ரேயில் இருக்கிறது, வெளியே வருவதன் கணக்கு ரேடியோவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் வரவு செலவு தெரியும்.

1938இல் இது ஒரு நோவா என்று பதிவானது. 1956இலும் ஒரு முறை பொங்கியிருக்கிறது; அது பழைய புகைப்படத் தகடுகளைத் தேடியபோது பின்னால் தெரியவந்தது. 1989 மே மாதம் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் ஒரு புதிய எக்ஸ்ரே மூலத்தைக் கண்டது. பழைய நோவாவும் இந்தப் புதிய மூலமும் ஒன்றே என்பது அப்போதுதான் புரிந்தது. 1992இல் ஹோர்ஹே கசாரெஸும் அவருடைய சகாக்களும் துணை விண்மீனின் வேகத்தை அளந்து, கண்ணுக்குப் படாத அந்த மற்றொரு பொருளின் நிறை சூரியனைப்போல் ஆறு மடங்குக்குக் குறையாது என்று காட்டினார்கள். அந்த நிறையில் நியூட்ரான் விண்மீன் இருக்க முடியாது.

இனி நான் நின்று பேச விரும்பும் இடம் வருகிறது. 1989க்கும் 2015க்கும் இடையே 26 ஆண்டுகள் அந்தப் பொருள் அடங்கிக் கிடந்தது. ஆனாலும் 0.3 மில்லிஜான்ஸ்கி என்ற அந்த மெலிந்த ஒளிர்வைச் சிலர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டங்கள் கடந்து கிடக்கும் டிஷ்களை ஒரே கருவியாக இணைத்து, ஜேம்ஸ் மில்லர்-ஜோன்ஸ் குழுவினர் ஆண்டின் வெவ்வேறு காலங்களில் அதன் இடத்தைக் குறித்தார்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் அந்தப் புள்ளி வானத்தில் சற்றே இடம் பெயர்வதுபோல் தெரிய வேண்டும். தெரிந்தது. அந்தக் கோணம் 0.42 மில்லி ஆர்க்செகண்டு. பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு ரூபாய் நாணயம் நம் கண்ணில் பிடிக்கும் கோணம் ஏறக்குறைய அவ்வளவுதான். 2009இல் வெளியான அந்த முடிவின்படி தூரம் 2.39 கிலோபார்செக், அதாவது சுமார் 7,800 ஒளியாண்டு. ஒரு கருந்துளையின் தூரத்தை இவ்வகையில் துல்லியமாக அளந்தது அதுவே முதல் முறை.

அதற்கு முன் ஏறக்குறைய 4 கிலோபார்செக் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். போட்டுப் பாருங்கள்: 1989 சீற்றத்தின் ஆற்றல் மதிப்பீடு கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஒன்றுமே நடக்காத நாட்களில் எடுத்த அளவீடு, எல்லாம் நடந்த நாட்களின் கணக்கைத் திருத்தியது. ஒளிர்வு குறைந்ததும் 'இனி இதில் என்ன இருக்கிறது' என்று விட்டுவிட்டுப் போயிருந்தால் இது கிடைத்திருக்காது. இந்த ஒரு செய்திக்காகவே நான் உங்களுக்கு எழுதியிருப்பேன்.

2015 ஜூன் 16ஆம் தேதி, நம் நேரப்படி நள்ளிரவு தாண்டிய அடுத்த நிமிடம், ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் எச்சரிக்கை கொடுத்தது. வி404 சிக்னி விழித்துவிட்டது. கேம்பிரிட்ஜ் அருகே 12.8 மீட்டர் அகலமுள்ள எட்டு டிஷ்களைக் கொண்ட ஏ.எம்.ஐ. என்ற தொலைநோக்கி வரிசை, இத்தகைய எச்சரிக்கை வந்தால் மனிதர் கட்டளைக்குக் காத்திராமல் தானே திரும்பிப் பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. சில மணி நேரத்துக்குள் அது ரேடியோ ஒளிர்வை அளக்கத் தொடங்கிவிட்டது. உலகத்தின் மிகப்பெரிய கருவி அன்று முந்திக்கொள்ளவில்லை. தயாராக இருந்த சிறிய கருவி முந்திக்கொண்டது.

ஜூன் 22 அன்று நடந்ததை நீங்கள் ஒரு வரைபடமாகவே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நியூ மெக்சிகோவின் வி.எல்.ஏ. என்ற தொலைநோக்கி வரிசையும், ஹவாயின் மௌனா கியா மலையில் இருக்கும் இரண்டு தொலைநோக்கிகளும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தன. 5 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 666 கிகாஹெர்ட்ஸ் வரை அலைவரிசைகள். எக்ஸ் அச்சில் நேரம், ஒய் அச்சில் ஒளிர்வு. மேலே உயர் அலைவரிசையின் கோடு ஊசி ஊசியாக ஏறி இறங்குகிறது. அதற்குக் கீழே வரும் ஒவ்வொரு கோட்டிலும் அதே முகடுகள் சற்றுத் தாமதமாக, சற்றுத் தாழ்ந்து, சற்று அகன்று வருகின்றன. மிகக் குறைந்த அலைவரிசைக்கு வரும்போது முகடுகள் ஒன்றோடொன்று கலந்து மேடாகிவிடுகின்றன. ஏன் இப்படி? புதிதாக வீசப்பட்ட வாயுத்திரள் மிக அடர்த்தியாக இருக்கிறது. அது தான் வெளியிடும் குறைந்த அலைவரிசை அலைகளைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. விரிய விரியத்தான் அவை வெளியே வருகின்றன. இந்தத் தாமதங்களை வைத்து அலெக்ஸ் டெட்டரென்கோவும் சகாக்களும் கணித்தபோது, அந்தச் சில மணி நேரத்தில் எட்டு ஜோடி வீச்சுகள் புறப்பட்டது தெரிந்தது. அவற்றில் அதிவேகமானது ஒளியின் வேகத்தில் 86 விழுக்காட்டை எட்டியிருந்தது.

அதே நாளில் அமெரிக்காவின் வி.எல்.பி.ஏ. என்ற பத்து டிஷ் வரிசை அந்தத் தாரைகளைப் படம் பிடிக்க முயன்றது. இங்கேதான் ஒரு சிக்கல். பல டிஷ்களை இணைத்துப் படம் எடுக்கும் முறையில், பூமி சுழலச் சுழலச் சேரும் தரவுகளை மணிக்கணக்கில் கூட்டி ஒரே படமாக ஆக்குகிறோம். அவ்வளவு நேரமும் வானம் மாறாமல் நிற்கும் என்பது அந்த முறைக்கு அடியில் இருக்கும் அனுமானம். வி404 நிற்கவில்லை. நான்கு மணி நேரத் தரவைக் கூட்டிப் படம் செய்தால் குழம்பிய தீற்றல்தான் வரும். அந்தக் குழப்பத்தை 'மோசமான தரவு' என்று மூடி வைத்திருக்கலாம். அவர்கள் அதை எழுபது எழுபது வினாடித் துண்டுகளாக நறுக்கி, 103 தனிப் படங்கள் செய்து, வரிசையாக ஓட்டிப் பார்த்தார்கள். தாரைகள் திசை மாறிக்கொண்டிருந்தன, அதுவும் நிமிடக் கணக்கில். கருந்துளையின் சுழல் அச்சு சுற்றுப்பாதைக்குச் சாய்ந்திருப்பதால், அது தன்னைச் சுற்றியுள்ள வெளியையே இழுத்துச் சுழற்றும்போது உள்தட்டு பம்பரத் தலைபோல் ஆடுகிறது, தாரைகளும் கூடவே ஆடுகின்றன என்று 2019இல் 'நேச்சர்' இதழில் மில்லர்-ஜோன்ஸ் குழுவினர் எழுதினார்கள். லென்ஸும் திர்ரிங்கும் 1918இல் பொதுச் சார்பியலிலிருந்து தருவித்த விளைவு அது. வகுப்பில் அரைப்பக்கத்தில் கடந்துவிடும் அந்தச் சமன்பாடு அங்கே சில ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள வாயுத்தட்டைத் திருப்பிக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டுப் பங்கும் இதில் இருக்கிறது. புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகே 45 மீட்டர் அகலமுள்ள 30 டிஷ்கள் கொண்ட ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியில், பூனம் சந்திராவும் நிசிம் கனேக்கரும் ஜூன் 26 முதல் ஜூலை 12 வரை 1280, 610, 325, 235 மெகாஹெர்ட்ஸ்களில் இதைத் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்கள் தொடங்கியபோது உச்சக்கட்டச் சீற்றம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. ஒளிர்வு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இறக்கத்திலேயே ஒரு செல்வம் இருந்தது. முதல் நாள் அளவீட்டில், 1.5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒளிர்வு குறைந்தது. அதாவது, தன்னைத் தானே உறிஞ்சும் திரளின் எல்லை அந்த அலைவரிசையில் இருந்தது. அந்தத் திருப்புமுனையின் ஒளிர்வையும், முன்பே கைவசம் இருந்த தூரத்தையும், எலக்ட்ரான்களுக்கும் காந்தப்புலத்துக்கும் ஆற்றல் சமமாகப் பகிரப்பட்டிருக்கிறது என்ற அனுமானத்தையும் சேர்த்தால், திரளின் அளவும் காந்தப்புலமும் கிடைத்துவிடுகின்றன. ஆரம் சுமார் 40 கோடி கிலோமீட்டர். காந்தப்புலம் அரை காஸ்.

அரை காஸ். உங்கள் ஆய்வகத்தில் டிஃப்ளெக்ஷன் மேக்னட்டோமீட்டரின் ஊசியை வடக்கே திருப்பும் பூமியின் காந்தப்புலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. 7,800 ஒளியாண்டுக்கு அப்பால், ஒரு கருந்துளையின் வாசலிலிருந்து வீசப்பட்ட திரளில் நீங்கள் கையால் அளந்திருக்கும் புலமே இருக்கிறது. அதை ரேடியோ ஒளிர்வின் ஒரே ஒரு வளைவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சூரியனைச் சுற்றும் பூமிப் பாதையின் ஆரத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் விரிந்த இடம் முழுவதும் அந்தப் புலம் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. ஆற்றல் குறைந்தபட்சம் 7×10இன் அடுக்கு 39 எர்க். சூரியன் மூன்று வாரம் எரிந்து தருவது அது. சுமார் பதினோரு நாளில் எல்லாம் அடங்கி, நிறமாலை தட்டையாகி, பொருள் தன் பழைய மெலிந்த நிலைக்குப் போய்விட்டது.

இப்போது உங்கள் காரியத்துக்கு வருகிறேன். ஜி.எம்.ஆர்.டி. தரவுகள் பொதுவாக 18 மாதம் கழிந்ததும் ஆவணக் காப்பகத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. வி.எல்.ஏ. தரவுகளுக்கும் அதேபோல் திறந்த காப்பகம் உண்டு. அவற்றைச் சீர்செய்யும் காசா என்ற மென்பொருள் இலவசம். லினக்ஸ் கணினியில் ஓடும். உங்கள் துறையில் தொலைநோக்கி இல்லை என்பது உண்மைதான். ஆனால் தொலைநோக்கி இல்லாததால் புராஜெக்ட் இல்லை என்பது இன்று பொருந்தாது. நாலு புத்தகத்தைப் பார்த்துத் தொகுத்து 'ஒரு மீள்பார்வை' என்று பைண்டு போட்டுக் கொடுக்கும் வழக்கம் எத்தனை துறைகளில் நடக்கிறது என்று பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. உங்களில் பலரிடம் அதைவிட நூறு மடங்கு உழைப்பும் ஆர்வமும் இருக்கிறது.

காப்பகத்தில் எல்லாம் எடுத்தாகிவிட்டது, இனி என்ன மிச்சம் என்று நினைக்காதீர்கள். 2024இல் கெவின் பர்ட்ஜ் என்ற ஆய்வாளர் இதே வி404 சிக்னியின் பழைய வான்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு விண்மீன் தெரிந்தது. அது தற்செயலாக அருகே தெரியும் வேறொரு விண்மீன் என்றுதான் பலரும் கடந்து போயிருந்தார்கள். கையா செயற்கைக்கோளின் அளவீடுகளை எடுத்துப் பார்த்தால், இரண்டும் வானத்தில் சேர்ந்தே நகர்கின்றன. பூமி-சூரியன் தூரத்தைப்போல் சுமார் 3,500 மடங்கு தள்ளி, ஏறக்குறைய 70,000 ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றும் மூன்றாவது உறுப்பினர் அது. எல்லோர் கண்ணிலும் பட்ட படத்தில்தான் அது இருந்தது.

தரவில் இறங்கும் முன் ஒரு ரேடியோ தொலைநோக்கியை நேரில் பார்ப்பதும் நல்லது. ஊட்டிக்குச் சுற்றுலா போன உங்களில் எத்தனை பேர் முத்தோரைக்குப் போயிருப்பீர்கள்? மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் அங்கே இயங்கிவருகிறது. ஜி.எம்.ஆர்.டி.யை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப்தான் அதற்கும் தலைமை தாங்கியவர். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தரவோடு உட்காரும்போது நீங்கள் முதலில் சந்திக்கப்போவது கருந்துளையை அல்ல, குறுக்கீட்டை. 235 மெகாஹெர்ட்ஸில் மின்கம்பிப் பொறியிலிருந்து தகவல்தொடர்பு வரை எல்லாம் கேட்கும். அதை ஒவ்வொன்றாகக் களைய வேண்டும். சலிப்பான வேலை. இங்கேதான் நம் பிராக்டிகல் பழக்கம் தலைகாட்டும். ஒரு புள்ளி எகிறினால் கை தானாக அதை அழிக்கப் போகும். வி404 போன்ற பொருளில் எகிறும் புள்ளிதான் நீங்கள் தேடுவதாகவும் இருக்கலாம். எப்படிப் பிரித்தறிவது? இலக்குக்கு முன்னும் பின்னும் ஓர் அளவுகோல் மூலத்தைப் பார்த்திருப்பார்கள். மாறாத ஒளிர்வுள்ள மூலம் அது. இலக்கின் தரவை எத்தனை வினாடித் துண்டாக நறுக்குகிறீர்களோ, அதே துண்டாக அதையும் நறுக்குங்கள். அது நேர்கோடாக நின்று, இலக்கு மட்டும் ஏறினால் மாற்றம் வானத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் கருவியையோ அயனி மண்டலத்தையோ பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு. குறைந்த அலைவரிசையில் ஒரே படத்தில் நூற்றுக்கணக்கான பின்னணி மூலங்கள் விழும். அவை பெரும்பாலும் மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள். நாளுக்கு நாள் மாறாதவை. இரண்டு நாள் படங்களிலும் அவற்றின் ஒளிர்வை ஒப்பிடுங்கள். உங்கள் பிழை எவ்வளவு என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாத அளவுக்கு அவை சொல்லிவிடும்.

எகிறிய ஒரு புள்ளியை அழிக்காமல் நம்பியதால் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1972 செப்டம்பர் 2 அன்று கனடாவின் அல்கான்குவின் ஆய்வகத்தில் ஃபிலிப் கிரிகரி, சிக்னஸ் எக்ஸ்-3 என்ற மாறும் எக்ஸ்ரே மூலத்தைப் பார்த்தபோது அது வழக்கத்தைவிடப் பல நூறு மடங்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 20 ஜான்ஸ்கி. நம் ஆய்வக வழக்கப்படி அந்த ரீடிங்கைக் கருவிக் கோளாறு என்று தள்ளியிருப்போம். அங்கிருந்து மற்ற ஆய்வகங்களுக்குத் தொலைபேசியில் தகவல் போயிற்று. ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த மாதமே 'நேச்சர் ஃபிசிகல் சயின்ஸ்' இதழ் ஒரு முழு இதழையே அந்தச் சீற்றத்துக்கு ஒதுக்கியது.

சில நாட்களில் உங்கள் படத்தில் ஒன்றுமே தெரியாது. அதையும் எழுதுங்கள். இந்த நாளில், இந்த அலைவரிசையில், இரைச்சலின் மூன்று மடங்குக்கு மேல் எதுவும் இல்லை, அந்த எல்லை இத்தனை மில்லிஜான்ஸ்கி என்று எண்ணோடு எழுதுங்கள். 'ரிசல்ட் வரவில்லை' என்று யாராவது மதிப்பெண்ணைக் குறைக்க வந்தால், வைவாவில் இந்த எல்லையை முன்வைத்துத் தயங்காமல் வாதாடுங்கள். வழிகாட்டி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: அத்தகைய அறிக்கைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

2015 சீற்றத்திலும் இப்படி ஒரு பாடம் இருந்தது. ஃபால்க்ஸ் தொலைநோக்கிகளில் 2006 முதலே சிலர் வி404ஐ அமைதிக் காலத்தில் படமெடுத்து வந்தார்கள். பள்ளி மாணவர்களும் பயன்படுத்தும் தொலைநோக்கிகள் அவை. எக்ஸ்ரே எச்சரிக்கை வருவதற்கு ஒரு வாரம் முன்பே அது பிரகாசமாகத் தொடங்கிவிட்டதை, பின்னால் அந்தப் படங்களில்தான் கண்டுபிடித்தார்கள். 'ஒன்றுமில்லை' என்று பதிவான அத்தனை இரவுகளும் இல்லாமல் அந்த ஏற்றம் எங்கே தொடங்கியது என்று சொல்லியிருக்கவே முடியாது.

1938, 1956, 1989, 2015. இடைவெளி 18, 33, 26 ஆண்டுகள். இதில் ஒழுங்கு தேட வேண்டாம். அடுத்தது வரும்போது உங்களில் சிலர் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இப்போதே கை பழக வேண்டும். புராஜெக்ட் தலைப்பைப் பதிவுசெய்யும் கடைசித் தேதிக்குள் காசாவை நிறுவி, 3சி 48 அல்லது 3சி 286 என்ற அளவுகோல் மூலத்தை மட்டும் எடுத்து ஒரு படம் செய்து பாருங்கள். அது சரியாக வந்ததும் 2015 ஜூன், ஜூலை மாதங்களின் வி404 தரவைக் காப்பகத்தில் தேடுங்கள். முதல் நாளையும் கடைசி நாளையும் விட்டுவிட்டு நடுவில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியான கட்டுரையைத் திறக்காமல் உங்கள் எண்ணை நீங்களே எடுத்து, பிழையையும் எழுதி, தேதி போட்டு வைத்த பிறகு ஒப்பிடுங்கள்.

அன்புடன்,
ரேடியோ வானியலில் உங்களுக்கு மூத்த ஒருவர்